ஒரு விரல் விலை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பரமசிவத்தின் கொட்டகைக்குப் பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஒன்பதே காலுக்கே போய் இறங்கிவிட்டேன்.

பழைய கார் பார்க்கப் போகிறவன் சொன்ன நேரத்துக்குப் போனால், ஏமாறத் தயாராக வந்திருக்கிறான் என்று அர்த்தம். விற்பவர் அதற்குள் இன்ஜினை நாலு தடவை உசுப்பி, அதன் இருமல் சளியெல்லாம் எடுத்து, பெண் பார்க்க வரும் நாளில் பெண்ணை உட்கார வைப்பது போல வண்டியை ஜோடித்து நிறுத்தியிருப்பார். அதனால் முன்னதாகப் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சூடு தெரிந்தால் நடையைக் கட்டிவிடலாம்.

கார்த்திகை மழை மூன்று நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி என்று கடிகாரம்தான் சொன்னது, வானம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்ட கொட்டகை அது. தரையெங்கும் சிவப்பும் நீலமுமாகப் பழைய கறை. அந்தக் கறைகளின் மேல் ஏழெட்டுக் கார்கள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றுக்கு மட்டும் சுற்றிலும் தாராளமாக இடம். நான் பார்க்க வந்த வெள்ளி நிறக் கார் அதுதான்.

பானட்டின் மேல் கையை வைத்தேன்.

சூடு இல்லை. மழை நாளில் தகரம் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் இது வேறு குளிர். ஆழக் கிணற்றின் அடியில் கையை விட்டுத் துழாவியது போல முழங்கை வரை ஏறியது.

"ஏம்பா பூவராகா, பத்தரைன்னு சொல்லிட்டு இப்பவே வந்துக்கினு நிக்கிற? உங்கப்பன் புத்தி உன்ன வுட்டுப் போவுமா?"

பரமசிவம் டீ கிளாஸோடு வந்தார். அவரும் என் அப்பாவும் ஒரே மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர்கள். சந்தையில் மாடு குறைந்ததும் அவர் காருக்கு மாறினார். "அப்ப பல்ல புடிச்சிப் பாத்தோம், இப்ப டயர புடிச்சிப் பாக்கிறோம். பொய்யி அதே பொய்யிதாம்பா" என்பார். நான் நிலம், நெல், டிராக்டர் என்று எது வந்தாலும் தரகு பேசுகிறவன்.

அன்றைக்கு வந்தது தரகுக்கு இல்லை. சொந்தக் காரியம். தாமலில் இருக்கும் என் அக்கா கலாவதியின் வீட்டுக்காரர் அப்பாதுரை மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரம் வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இத்தனை நாள் ஒரு வாடகைக் கார் வந்துகொண்டிருந்தது. முகூர்த்த மாசம் பிறந்ததும் அந்த டிரைவர் கல்யாண வீட்டுக்காரர்கள் பக்கம் போய்விட்டான். பட்டெடுக்க வருகிறவர்கள் கொடுக்கிற வாடகையை நோயாளி கொடுக்க முடியுமா? முந்தாநாள் முறை தவறிப்போயிற்று. மாமாவின் கால்கள் வாழைத்தண்டு போல ஊதியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். இன்று மதியம் ஒரு மணி முறையும் தவறினால் அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை தாங்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவிடம் இருந்தது ஒரு லட்சம். அந்தத் தொகைக்குள் ஓடுகிற கார் ஒன்று இன்றே வேண்டும்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் பரமசிவத்திடம் சொல்லவில்லை. அவசரம் என்று தெரிந்தால் விலை ஏறும்.

"சும்மா அப்பிடியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே. வாங்கற எண்ணமே இல்ல."

"நானும் சும்மா அப்பிடியே நிறுத்தி வெச்சிக்கிறேன். விக்கற எண்ணமே இல்ல."

இருவரும் சிரித்துக்கொண்டோம். இதெல்லாம் எங்கள் தொழிலில் வணக்கம் சொல்வது போல.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். துணி சுற்றி, கதவுகள் மேல் ஒட்டிக்கொண்டே வந்தேன். அடிபட்ட தகரத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் பிடிக்காமல் விழுந்துவிடும். எங்கும் விழவில்லை. ஆயில் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் வெண்ணெய் போல வெள்ளைப் படலம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. சுத்தமாக இருந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் மட்டும் நீர்த்துளிகள் முத்து முத்தாகக் கோத்திருந்தன.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெள்ளத்தில் மூழ்கிய காரை எப்படிக் கழுவினாலும், சுருளின் அடியில் கிடக்கும் கடைசி ஒரு முழப் பட்டையைக் கழுவ யாருக்கும் தோன்றாது. உண்மை அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும்.

பழுப்பாக, ஒரே நேர்க்கோட்டில் சேறு.

"அண்ணே, இது மெட்ராஸ் வெள்ளத்துல நீச்சல் கத்துக்கின வண்டியா?"

"லேசா நனைஞ்சிதுபா."

"கழுத்து மட்டும் நனைஞ்சா அதுக்கு லேசான்னா பேரு?"

"அதனாலதான ஒரு லட்சம் சொல்றேன். நனையாத வண்டிய இந்த ரேட்டுக்கு உங்கப்பன் குடுப்பாரா?"

அதுவும் நியாயம்தான். பின்கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஏரி வாடை அடித்தது. வற்றும் ஏரியில் பாசியும் சேறும் சேர்ந்து வெயிலில் வேகுமே, அந்த வாடை. வெயிலே இல்லாத நாளில்.

இடது பக்கத்துப் பெல்ட்டை இழுத்தேன். ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

உள்ளேயிருந்து பதிலுக்கு இழுத்தது.

வெடுக்கென்று இல்லை. நிதானமாக. காரில் உட்கார்ந்தவர் பெல்ட்டைத் தன் வசதிக்குச் சரி செய்துகொள்வது போல.

கையை விட்டுவிட்டேன். விட்டால் பட்டை சுருண்டு உள்ளே போக வேண்டும். போகவில்லை. தோள் உயரத்திலிருந்து இடுப்பு வரை, சீட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் வளைந்து நின்றது. பட்டைக்கும் சீட்டுக்கும் இடையில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் சீட்டு பள்ளமாக அமுங்கியிருந்தது.

சேறு காய்ந்து பட்டை விறைத்துப்போயிருக்கும், ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதோடு நில்லாமல், அதற்காக விலையில் எவ்வளவு குறைக்கலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பயம் வருகிற இடத்திலும் தள்ளுபடி பார்க்கிற ரத்தம் எங்களுடையது.

"ஒரு ரவுண்டு போலாம்ணே. நீங்க ஓட்டுங்க."

வாங்குகிறவன் ஓட்டக் கூடாது. ஓட்டினால் கவனமெல்லாம் ரோட்டில் இருக்கும். விற்பவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வாலாஜாபாத் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போனோம். இன்ஜின் சுகமாக உறுமியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. பிரேக் பிடித்த இடத்தில் நின்றது.

பின்னால் மட்டும் ஒரு சத்தம். சொட்... சொட்... சொட். பிறகு, நிறைய நேரம் மூச்சைப் பிடித்திருந்தவர் விடுவது போல ஒரு நீண்ட மூச்சு.

"டிக்கியில தண்ணி நிக்கிது போல" என்றேன்.

பரமசிவம் கியரை மாற்றினார். அப்போதுதான் கவனித்தேன். நடுவில் இருக்கும் கண்ணாடியை அவர் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.

"ஏண்ணே கண்ணாடிய மேல திருப்பி வெச்சிருக்கீங்க?"

"எனக்குப் பின்னாடி பாத்து ஓட்டிப் பழக்கம் இல்லப்பா."

கொட்டகை வாசலுக்குத் திரும்பியபோது மழை வலுத்துவிட்டது. கதவைத் திறந்தால் தொப்பலாக நனைவோம். கார் கண்ணாடிகள் எல்லாம் ஆவி பிடித்து வெளுத்தன. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"இங்கியே முடிச்சிக்கலாம். துண்ட போடு" என்றார் பரமசிவம்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. நாலைப் பிடித்தால் நாலு. ஒத்துப்போனால் உள்ளங்கையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான், பேரம் முடிந்தது. அழுத்திய பிறகு பின்வாங்கினவன் துண்டுக்குள் அப்புறம் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். விரல் பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். வாய் பாட்டுக்கு வேறு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். காருக்கு மாறினாலும் பரமசிவம் இந்த வழக்கத்தை விடவில்லை.

"ஒரு வெரலுக்கு இருபதாயிரம். நான் அஞ்சு சொல்றேன். உன்னுத நீ சொல்லு" என்றார்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே துண்டை விரித்து, அதற்குள் என் வலது கையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எடுத்து, யாரிடமோ டிராக்டர் டிரெய்லர் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். நான் வழக்கப்படி வெளுத்த முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன்.

துண்டுக்குள் கை வந்தது.

ஈரமாக இருந்தது. மழைச்சாரலில் ஜன்னலை ஏற்றியிருப்பார் என்று நினைத்தேன். மூன்று விரலைப் பிடித்தேன். அறுபதாயிரம். மூன்றில் ஆரம்பித்தால் நாலில் முடியும் என்பது என் திட்டம்.

அந்தக் கை என் இரண்டு விரலைப் பிடித்தது.

எனக்குப் புரியவில்லை. மனுஷன் போன் பேச்சில் தடுமாறுகிறாரா? சோதித்துப் பார்க்க, நான் இரண்டைப் பிடித்தேன்.

அது ஒன்றைப் பிடித்தது.

வாங்குகிறவன் கேட்டதற்கும் கீழே இறங்கி வருகிற விற்பவனை என் ஆயுளில் பார்த்ததில்லை. இருபதாயிரம்! உடைத்து இரும்புக்குப் போட்டாலே அதற்கு மேல் வருமே. வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் பேரக்காரன் வீட்டுப் பிள்ளை. அவர் மனசு மாறுவதற்குள் அந்த உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

பதிலுக்கு அதுவும் அழுத்தியது. மெதுவாக. ஆழமாக.

அந்தத் தோல் முழுக்கச் சுருங்கி, வரிவரியாக, ஊறிப்போயிருந்தது. நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தது போல.

அப்போது என் கண்ணெதிரே முன்கண்ணாடியில் ஒரு வட்டம் தெளிந்தது. பரமசிவம் ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் போன், காதோரம். இடது கையில் பழந்துணி, கண்ணாடியின் மேல்.

இரண்டு கையும் என் கண் முன்னால் இருந்தன.

துண்டுக்குள் பிடி இன்னும் விடவில்லை.

அது ஒரு வலது கை என்பது அப்போதுதான் உறைத்தது. டிரைவர் சீட்டில் இருக்கிறவர் நடுவில் நீட்டினால் இடது கைதானே வர வேண்டும்? ஆயுள் முழுக்க வலது கைகளோடே பேரம் பேசியவன், அதனால் ஒரு வினாடிகூடச் சந்தேகப்படவில்லை. பின் சீட்டிலிருந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்னால் நீட்டிய வலது கை அது.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. சுண்டுவிரல் கடைசி.

பின்னால் போயின.

பரமசிவம் போனை வைத்தார். "இரு, இரு. நான் இன்னும் கையே வுடலியே. அதுக்குள்ள இன்னா வெறிச்சிக்கினு உக்காந்துக்கீற?" என்றவர், துண்டைப் பார்த்தார். துண்டு நனைந்து, பச்சையாக ஒரு பாசி இழை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் குரல் அடங்கிப்போயிற்று.

"எத்தினி?"

"ஒண்ணு."

"அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன்."

"அதுவும் அழுத்திச்சா?"

தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ நாலாவது ஆளு. போன மாசம் வந்தவரு மூணுலியே கத்திக்கினு எறங்கி ஓடிட்டாரு. யாருமே அழுத்தலப்பா. நீதான் அழுத்தின."

"யாருண்ணே அது?"

"யாருக்குத் தெரியும்? வெள்ளத்துல பின் சீட்டுல இருந்த ஒருத்தரால பெல்ட்ட கழட்ட முடியலியாம். மூணு நாள் கழிச்சிதான் எடுத்தாங்களாம். வண்டி ஏலத்துல வந்துது. நான் சீப்பா இருக்குதேன்னு எடுத்துட்டேன்."

"எனக்கு இந்த வண்டி வாணாம்."

"எங்கிட்ட சொல்லி இன்னாபா பண்ணறது?" என்றார் பரமசிவம். "நீ எங்கிட்டயா பேரம் பேசின?"

கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். ஆர்.சி. புத்தகத்தை டாஷ்போர்டில் வைத்தார். பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கொட்டும் மழையில் நின்றுகொண்டு, பல நாள் கழித்துத் தூங்கி எழுந்தவர் போலச் சிரித்தார். ஒரு வியாபாரி காசு வாங்காமல் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் இறங்கி ஓடியிருப்பேன். போன் அடித்தது. அக்கா.

"தம்பி, எங்கடா இருக்கிற? மாமாவுக்குப் பேச்சு வரலடா. உதடெல்லாம் நீலமாவுது. ரெண்டு ஆட்டோக்காரனக் கேட்டுட்டேன், இந்த நிலமையில ஏத்த மாட்டேன்றாங்க. வண்டி கெடைச்சிதா இல்லியா?"

மணி பத்தே முக்கால். ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்தைக் கடந்து தாமல் போய், மாமாவை ஏற்றித் திரும்பி வர இரண்டு மணி நேரம். சாவி வண்டியிலேயே இருந்தது.

"கெடைச்சிட்டுது. ரெடியா இரு" என்றேன்.

டிரைவர் சீட்டுக்கு மாறினேன். கண்ணாடி கூரையைப் பார்த்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே ஒரு விஷயம் மனசை அரித்தது. ஒரு விரலுக்கு இருபதாயிரம் என்பது பரமசிவமும் நானும் பேசிக்கொண்டது. பின்னால் இருந்ததோடு அப்படி ஏதும் பேசவில்லையே. அது ஒன்று என்றது. நானும் ஒன்று என்றேன். ஒன்று எது?

ஒலிமுகம்மதுபேட்டை தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் சீட்டு கிரீச்சிட்டது. யாரோ கால் மாற்றி உட்கார்ந்தார்கள்.

தாமல் ஏரி கரை தொட்டு நின்றது. அக்கா வீட்டு வாசலில் நாற்காலியில் மாமாவை உட்கார வைத்திருந்தார்கள். முகம் ஊதிக் கண்கள் உள்ளே போயிருந்தன.

"முன்னாடி உக்கார வெக்கலாம்கா" என்றேன்.

"கால தொங்கப் போட்டா செத்துருவாருடா. பின்னாடி சாச்சி உக்கார வெச்சி கால நீட்டி வுடு. ஏன்டா இந்த வாடை? மீன் ஏத்தின வண்டியா?"

"கழுவிக்கலாம். ஏறுக்கா. நீ முன்னாடி வா."

பின்னால் ஒருவர் போதும் என்று நினைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருப்பதை எப்படிச் சொல்வது? சொன்னால் அக்கா ஏற மாட்டாள். ஏறாவிட்டால் மாமா இல்லை. வலது பக்கத்தில் மாமாவைச் சாய்த்து உட்கார வைத்தேன். இடது பக்கத்துச் சீட்டில் பெல்ட் அந்தரத்தில் வளைந்து நின்றது. மாமா கால்களை அந்தப் பக்கம் நீட்டப் பார்த்தார். நீட்டிய கால் எதிலோ முட்டியது போல மடங்கிக்கொண்டது.

நெடுஞ்சாலை ஏறியதும் அவர் முனகினார்.

"கலா... கொஞ்சம் தள்ளி உக்காரேம்மா."

அக்கா என் பக்கத்து சீட்டிலிருந்து திரும்பினாள். "நான் முன்னாடி இல்ல இருக்கிறேன். பின்னாடி நீங்க மட்டும்தான்."

மாமா பக்கத்தில் வளைந்து நின்ற பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடியா" என்றார். காஞ்சிபுரம் வருகிற வரை கதவோரமாக ஒடுங்கியே உட்கார்ந்திருந்தார்.

டயாலிசிஸ் சென்டரில் உள்ளே போகுமுன் எடை பார்ப்பார்கள். தரையோடு பதித்த இரும்புத் தட்டு, சுவரில் சிவப்பு எண்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். அக்காவும் நானும் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டுக் கையை எடுத்தோம். ஐம்பத்தெட்டு. "மூணு லிட்டர் எடுத்துடலாம். அம்பத்தஞ்சுல வெளிய வருவாரு, பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ் ஜோதிகா. கதவு மூடியது. மணி ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

மாமா பிழைத்தார் என்ற தைரியத்தில் எனக்குப் பழைய ரத்தம் திரும்பிவிட்டது. நேராகக் காரிடம் போனேன். சென்டர் போர்டிகோவுக்குள் காரை நிறுத்தியிருந்தேன். நாலு கதவையும் அகலத் திறந்து வைத்து, பின் சீட்டைப் பார்த்துக் குனிந்தேன். பேச்சில் ஜெயிக்க முடியாத ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

"பேரம் முடிஞ்சிட்டுது" என்றேன், கிசுகிசுப்பாக. "வண்டி என்னுது. வித்தவங்க வண்டியிலியே உக்காந்துக்கினு இருக்கறது எந்த ஊரு நியாயம்? எறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை.

"எறங்குன்றேன். ஒனக்குச் சேர வேண்டியத எடுத்துக்க. எறங்கு."

பெல்ட் தளர்ந்தது.

சர்ரென்று சுருண்டு உள்ளே போய் மறைந்தது. சீட்டின் பள்ளம் மெதுவாக, ரொட்டி உப்புவது போல எழும்பிச் சமமாயிற்று. காரின் உடம்பே கொஞ்சம் உயர்ந்தது. நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். ஏரி வாடை என்னைக் கடந்து போயிற்று. அரை நிமிஷத்தில் காரில் பழைய ரெக்சின் வாடை தவிர ஒன்றுமில்லை.

பெல்ட்டை இழுத்தேன். தாராளமாக வந்தது. விட்டேன். ஒழுங்காகப் போனது. சீட்டைத் தடவினேன். உலர்ந்திருந்தது. கண்ணாடியைக் கீழே திருப்பிப் பார்த்தேன். காலி சீட்டும் மழையும் தெரிந்தன.

சிரித்தே விட்டேன். எதிர்க்கடைக்குப் போய் இரண்டு பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டேன். அக்காவின் ஒரு லட்சம் பத்திரமாக இருக்கிறது. காசில்லாமல் கார் வந்துவிட்டது. இனி இது சுத்தமான வண்டி. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அஞ்சு விரலுக்கே விற்கலாம், பரமசிவத்தின் தலையிலேயே கட்டலாம் என்றெல்லாம் யோசனை ஓடியது. நாலு மணி நேரமும் நாலு நிமிஷமாகப் போயிற்று.

ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூட வந்திருந்தது. மாமா நடந்தே வெளியே வந்தார். முகத்தில் வீக்கம் வற்றி, பழைய தாடை தெரிந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு லிட்டர் எடுத்தாச்சு. எடை போட்டுட்டுக் கூட்டிக்கினு போங்க" என்றாள் ஜோதிகா.

மாமா தட்டில் ஏறி நின்றார். சுவரில் எண்கள் ஓடின.

நூற்றி இருபத்தொன்று.

ஜோதிகா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாரு அது தட்டு மேல கால வெச்சிக்கினு நிக்கிறது? தள்ளி நில்லுங்க."

அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தட்டின் மேல் மாமாவின் இரண்டு மெலிந்த கால்கள் மட்டும் இருந்தன.

நூற்றி இருபத்தொன்று.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள் ஜோதிகா. "நீங்க எறங்குங்கய்யா. ஜீரோ பண்ணிட்டு இன்னொரு தடவ போடலாம்."

மாமா இறங்கி, தட்டுக்குப் பக்கத்தில் தரையில் நின்றார்.

எண் அறுபத்தாறுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

வெறும் தட்டையும் சிவப்பு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தோம். ஜோதிகா பொத்தானை அழுத்தினாள். அறுபத்தாறு. மறுபடி அழுத்தினாள். அறுபத்தாறு.

"இன்னாடா எல்லாரும் அப்பிடிப் பாக்கிறீங்க? எனக்கு இப்பதான் மூச்சு நல்லா வருது. வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார் மாமா. திரும்பி, வாசலைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார்.

சுவரில் எண் பூஜ்ஜியத்துக்கு இறங்கியது.